மருத்துவர் சொல்கிறார், நம்புவது எப்படி?

புதுதில்லி: 'ஓஆர்எஸ்' என்ற சொல்லைப் பழச்சுவை பானங்களின் பெயரில் எந்த வடிவிலும் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி உத்தரவிட்டது. 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசல் அல்ல' என்ற எச்சரிக்கை வாசகத்தை அச்சிட்டால் போதும் எனக் கூறி, 2022 ஜூலையிலும் 2024 பிப்ரவரியிலும் அதே பெயருக்கு இடமளித்ததும் இதே ஆணையம்தான்.

இந்த மாற்றம் ஆட்சியாளர்களின் முனைப்பால் வந்ததல்ல. ஹைதராபாதைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பெற்றோரிடம் நேரிலும் சமூக ஊடகங்கள் வாயிலாகவும் எடுத்துக் கூறி, தெலங்கானா உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுத்ததன் விளைவு அது. வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்குத் தரவேண்டிய கரைசலில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் இருக்க வேண்டும். சர்க்கரை மிகுந்த பானத்தைக் கொடுத்தால் குடலுக்குள் நீர் மேலும் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு கடுமையாகும். மருந்துக் கடையில் கரைசல் என நம்பிப் பானத்தை வாங்கிச் சென்ற பெற்றோருக்கு இதைச் சொன்னவர், அடையாளம் மறைக்காத ஒரு மருத்துவர்.

மருத்துவர்கள் பொதுமக்களுக்காக எழுதுவதும் பேசுவதும் எத்துணைப் பயனுடையது என்பதற்கு இது சான்று. ஆனால், அதே கைப்பேசித் திரையில், அதே வெள்ளை அங்கியுடன், நீரிழிவை நாற்பது நாளில் விரட்டுவதாகக் கூறுபவரும் தோன்றுகிறார். இருவரில் எவரை நம்புவது என்பதை நள்ளிரவில் காய்ச்சல் கண்ட குழந்தையை மடியில் கிடத்தியிருக்கும் தாய் எப்படி அறிவார்? இந்தக் கேள்விக்குத் தலைநகரில் உள்ள சட்டங்களும் ஆணையங்களும் இதுவரை அரைகுறையான விடையையே வைத்திருக்கின்றன.

சீட்டில் உண்டு, திரையில் இல்லை: இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு தொழில் நெறி விதிகள், மாநில மருத்துவக் கவுன்சில் வழங்கிய பதிவு எண்ணை மருத்துவமனையிலும், மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், பண ரசீதிலும் மருத்துவர் காட்ட வேண்டும் என்கின்றன. நூறு ரூபாய் ரசீதில் கட்டாயமான பதிவு எண், லட்சம் பேர் பார்க்கும் மருத்துவ அறிவுரையில் கட்டாயமில்லை. மருத்துவர்கள் சொந்தப் பெயரில் பொது சுகாதாரம் குறித்துப் பத்திரிகைகளில் எழுதலாம், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசலாம். தமக்கு விளம்பரம் தேடுவதாக அது அமையக் கூடாது என்பதே அந்த விதிகளின் சாரம். இணைய உரையாடலையும் அவை ஒரு சொல்லில் தொட்டுச் செல்கின்றன. ஆனால், அவை எழுதப்பட்ட காலத்தில் இன்றைய சமூக ஊடகங்கள் பிறக்கவே இல்லை.

2020 மார்ச்சில், கரோனா பொதுமுடக்கத்தின் தொடக்கத்தில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் மின்னணுத் தொடர்புகளிலும் பதிவு எண்ணைக் காட்டச் சொல்லின. எனினும், அவை தம் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரை மனதில் கொண்டவை. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோருக்குப் பொதுவாக அறிவுரை சொல்பவர் அந்த வரம்புக்குள் எளிதில் அடங்குவதில்லை.

மூன்று வாரமே நீடித்த விதி: இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சி 2023-இல் நடந்தது. தேசிய மருத்துவ ஆணையம் அவ்வாண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி புதிய தொழில் நெறி விதிகளை அறிவிக்கை செய்தது. அவற்றில் சமூக ஊடக நடத்தைக்கென்றே தனி வழிகாட்டுதல் இருந்தது. பகிரும் தகவல் உண்மையாகவும் சரிபார்க்கத் தக்கதாகவும் இருக்க வேண்டும். நோயாளியின் சிகிச்சையைப் பொதுவெளியில் விவாதிக்கக் கூடாது. குணமடைந்தவர்களின் படங்களையும் பாராட்டுரைகளையும் வெளியிடக் கூடாது. பணம் கொடுத்துப் பின்தொடர்வோரைச் சேர்க்கக் கூடாது என்று அது கூறியது.

ஆகஸ்ட் 23-ஆம் தேதி அந்த விதிகள் முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டன. 2002-ஆம் ஆண்டு விதிகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. எதிர்ப்பு எழுந்தது சமூக ஊடகப் பகுதிக்காக அல்ல. மருந்தின் வணிகப் பெயரை விடுத்து மூலப்பெயரையே எழுத வேண்டும் என்ற கட்டாயத்தை இந்திய மருத்துவச் சங்கம் ஏற்கவில்லை. மருந்து நிறுவனங்களின் ஆதரவில் நடைபெறும் கருத்தரங்குகளுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடும் அதிருப்தியைக் கிளப்பியது. மருந்துச் சீட்டு குறித்த தகராறில், பொதுமக்களுக்குப் பயன்படக்கூடிய வேறொரு பகுதியும் சேர்ந்து முடங்கியது. அதை மட்டும் தனியே பிரித்து நடைமுறைப்படுத்தியிருக்கலாம். அந்த வழி தேர்ந்தெடுக்கப்படவில்லை.

பதிவேடு இருந்தும்: தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இல் நிறைவேறியபோது, நாடெங்கும் நடந்த போராட்டங்கள் சமூக நல வழங்குநர்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரும் 32-ஆவது பிரிவையும், இறுதித் தேர்வையும் சுற்றியே அமைந்தன. அதற்கு முந்தைய 31-ஆவது பிரிவு, மக்கள் பார்வையிடக்கூடிய தேசிய மருத்துவப் பதிவேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2024 ஆகஸ்டில்தான் அதற்கான இணையதளத்தை மத்திய சுகாதார அமைச்சர் ஜெ.பி. நட்டா தொடக்கி வைத்தார். நாட்டில் பதிவு பெற்ற நவீன மருத்துவர்கள் 13.86 லட்சம் பேர் என அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. பெயர் மட்டும் தெரிந்தால், இத்தனை லட்சம் பேரில் ஒரே பெயருடைய பலரிடையே உரியவரைக் கண்டறிவது எளிதல்ல. பதிவு எண் தெரிந்தால் சில நிமிட வேலை. பதிவேட்டுக்கும் வாசகருக்கும் இடையிலான பாலம் அந்த எண்தான், பாலம் கட்டப்படவில்லை.

'டாக்டர்' என்ற அடைமொழி மட்டும் இதற்குப் போதாது. நவீன மருத்துவர்கள், இந்திய மருத்துவ முறையினர், ஹோமியோபதி மருத்துவர்கள் ஆகியோருக்குத் தனித்தனி ஆணையங்கள் உள்ளன. முனைவர் பட்டம் பெற்றவரும் அதே அடைமொழியைப் பயன்படுத்துகிறார். இயன்முறை சிகிச்சையாளர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் 2025 செப்டம்பர் 9-ஆம் தேதி கடிதம் எழுதியது. மேலும் ஆராய வேண்டியுள்ளது எனக் கூறி மறுநாளே பின்வாங்கியது. அரசுக்கே தெளிவில்லாத ஒரு சொல்லை வைத்து, வாசகர் தகுதியை அளவிட முடியாது.

யார் பணம் தருகிறார்?: எழுதுபவர் மருத்துவர்தான் என்று உறுதியான பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அவர் பரிந்துரைக்கும் மருந்திலோ, சத்துமாவிலோ, பரிசோதனையிலோ அவருக்கு ஆதாயம் உண்டா? மருந்து நிறுவனங்களிடம் பரிசும் பயணச் செலவும் பெறுவதை 2009-இல் திருத்தப்பட்ட தொழில் நெறி விதிகள் தடை செய்கின்றன. நிறுவனங்களுக்கென 2024 மார்ச்சில் வெளியான சீரான சந்தைப்படுத்தல் நெறிமுறைகளோ சட்ட வலிமை இல்லாதவை.

விளம்பரம் என்று வரும்போது சட்டம் சற்றுக் கூர்மை பெறுகிறது. சான்றிதழ் பெற்ற மருத்துவர்களும் நலவாழ்வு வல்லுநர்களும் தம் தகுதியை வெளிப்படுத்தியே பொருள்களைப் பரிந்துரைக்க வேண்டும் என்றும், மற்றவர்கள் தம் பேச்சு மருத்துவ ஆலோசனைக்கு மாற்றல்ல என்று அறிவிக்க வேண்டும் என்றும் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் தவறிழைத்தால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். ஆனால், விளம்பரம் அறிவுரையின் வேடத்தில் வரும்போது அதை அடையாளம் காட்டும் பொறுப்பு மீண்டும் வாசகர் தலையிலேயே விழுகிறது.

நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொய் விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டு சட்டத்தின் கதை இன்னும் பழையது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம், அடுத்ததற்கு ஓராண்டு வரை என்பதே அதில் கண்ட சிறைத் தண்டனை. நோய்களின் பட்டியலை 54-இலிருந்து 78-ஆக உயர்த்தி, தண்டனையை ஐந்தாண்டு வரையும் அபராதத்தை ரூ.50 லட்சம் வரையும் கூட்டும் வரைவு மசோதா 2020 பிப்ரவரியில் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது, அது சட்டமாகவில்லை.

பதஞ்சலி நிறுவன விளம்பரங்களுக்கு எதிராக இந்திய மருத்துவச் சங்கம் 2022-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமை காட்டியது. மன்னிப்பை ஏற்று 2024 ஆகஸ்டில் அவமதிப்பு நடவடிக்கையை முடித்தது. மூல வழக்கும் 2025 ஆகஸ்டில் முடிவுற்றது. இடையே, வழக்குத் தொடுத்த சங்கமும் தன் உறுப்பினர்களின் நடத்தையைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டியதை மறக்க இயலாது. பொய் மருந்தை எதிர்ப்பவரின் கணக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

அனுமதி அல்ல, அடையாளம்: கட்டுப்பாடு என்ற பெயரில் உண்மை பேசும் மருத்துவரின் வாய் அடைக்கப்படும் ஆபத்தும் இல்லாமல் இல்லை. கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஏபி பிலிப்ஸின் 'எக்ஸ்' கணக்கு, ஒரு மூலிகை மருந்து நிறுவனம் தொடுத்த வழக்கில், அவர் தரப்பைக் கேட்காமலே பெங்களூரு நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் 2023 செப்டம்பரில் முடக்கப்பட்டது. சர்ச்சைக்குரிய பதிவுகளை மறைக்கும் நிபந்தனையுடன் கர்நாடக உயர்நீதிமன்றம் அடுத்த மாதம் கணக்கை மீட்டுத் தந்தது. எழுதுவதற்கு முன்னனுமதி வேண்டும் என்று விதி வகுத்தால், முதலில் மௌனமாவது இத்தகையோரும் ஹைதராபாத் மருத்துவரைப் போன்றோருமே. பெயர் மறைத்து எழுதும் போலிக்கு அனுமதி விதி ஒரு பொருட்டல்ல.

எனவே, அரசு கேட்க வேண்டியது அடையாளமும் ஆதாய அறிவிப்பும் மட்டுமே. பொதுமக்களுக்கு மருத்துவ அறிவுரை வழங்குபவர் பதிவு எண்ணையும், சிறப்புத் துறையையும், தொடர்புடைய வணிக ஆதாயத்தையும் வெளியிட வேண்டும் என்ற இரண்டு வரி விதி போதும். ஜெனீவாவில் இயங்கிய 'ஹெல்த் ஆன் தி நெட்' அறக்கட்டளை 1990-களிலேயே இதுபோன்ற எட்டு நெறிகளை வகுத்து, அவற்றைக் கடைப்பிடித்த தளங்களுக்குச் சான்று அளித்து வந்தது. 2022 இறுதியில் அதுவும் மூடப்பட்டது.

அதுவரை வாசகருக்குத் துணை அவரது ஐயமே. எழுதியவர் தம் பெயரையும் பதிவையும் மறைக்கிறாரா, தம் துறைக்கு அப்பாற்பட்ட நோய்க்கும் தீர்ப்பு சொல்கிறாரா, கூற்றுக்கு ஆதாரமும் தேதியும் தருகிறாரா, இறுதியில் விற்பனைக்கு ஒரு பொருளை நீட்டுகிறாரா என்று பார்க்கலாம். காணாத நோயாளிக்கு மருந்தின் அளவைச் சொல்லாமல், 'உங்கள் மருத்துவரை நேரில் பாருங்கள்' என்று அனுப்புபவரே பெரும்பாலும் நம்பத் தக்கவர். கரைசல் விவகாரத்தில் ஹைதராபாத் மருத்துவரின் வாதம் வென்றதும், பொட்டலத்தைத் திருப்பிப் படித்து எவரும் சரிபார்க்கக்கூடியதாக அது இருந்ததால்தான்.

ஒரு பெயரைத் திருத்தவே எட்டு ஆண்டுகள் ஆயின. மருத்துவரின் பதிவு எண்ணை ரசீதிலிருந்து திரைக்குக் கொண்டுவரப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டு சட்டத்தின்கீழ் ஓர் அறிவிக்கை போதும். நிறுத்திவைத்த விதிகளில் அந்தப் பகுதியை மட்டும் எப்போது உயிர்ப்பிப்பீர்கள் என்று சுகாதார அமைச்சரைக் கேட்க, நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் இருக்கவே இருக்கிறது.