பரணில் கிடக்கும் பிளேட்டுகளுக்கு ஓர் அறை வேண்டும்

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் பாட்டைப் போட்டுக் கேட்க இன்று வழியில்லை. 1934-ல் நாற்பத்தைந்து வயதுகூட நிரம்பாமல் காலமானார். கிராமபோன் கம்பெனிகள் பாடகர்களைத் தேடித் தேடிப் பிடித்த காலம் அது. ஆனாலும் அவர் ஒரு பிளேட்டுக்கும் பாடவில்லை. மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று மேடை நிறைய லயக்காரர்களை உட்காரவைத்து, மணிக்கணக்கில் அவர் நடத்திய ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகளைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி நமக்கு வந்த புகழ் அது. மூன்று நிமிடத்துப் பிளேட்டில் அந்தக் கணக்கு வழக்குப் பல்லவி எங்கே அடங்கும்?

அவருடைய தாய் காமாட்சி அம்மாளும், தாயின் உடன்பிறந்த தனகோடி அம்மாளும் சேர்ந்து பாடிப் பெயரெடுத்தவர்கள். தனகோடி அம்மாள் பிளேட்டு கொடுத்திருக்கிறார். மைக் வருவதற்கு முந்தைய காலம். பெரிய குழாய் ஒன்றுக்குள் முகத்தை நீட்டி உரக்கப் பாடவேண்டும். பக்கவாத்தியம் பாதிதான் பதியும். அப்படிப் பாடிய ஒரு பெண்ணின் குரல் நமக்கு மிஞ்சியிருக்கிறது. அவர் ஊர்க்காரர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டிருக்கிறோம்?

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் பிறந்து, தறியில் உட்காராமல் ரேடியோ ரிப்பேருக்குப் போனவன். எங்கள் பக்கம் அப்போது தறியும் ரேடியோவும் இல்லாத வீடு கிடையாது. குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்தவர் பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாது. கேட்பது ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அதனால் நல்ல பாட்டு இந்த ஊர் நெசவாளர்களுக்குத் தெரியும். வால்வு ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் போய்க் கைபேசி வந்த பிறகு, என்னிடம் ரிப்பேருக்கு வருகிறவர்கள் வேறொன்றைச் சொல்ல ஆரம்பித்தார்கள்: “அண்ணே, அப்பா பெட்டியும் பிளேட்டும் பரண்ல கெடக்கு. எடைக்குப் போட்டுடட்டுமா?”

அவர்களுக்கு நான் பதிலாகச் சொல்வது ஒரு கதை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மருமகன் லீவில் வந்தபோது ஒரு கிட்டார்க்காரரின் பதிவைப் போட்டுக் காட்டினான். மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்று பெயர். கறுப்பின விவசாயத் தொழிலாளி. வெறும் மரக் கிட்டார், மின்சாரம் கிடையாது. கட்டைவிரல் அடித்தந்தியில் தாளத்தை நிறுத்திப் பிடிக்க, மற்ற விரல்கள் பாட்டை எடுக்கின்றன. இரண்டு பேர் வாசிப்பதாகவே முதலில் நினைத்தேன். குரலில் அவசரமே இல்லை. 1928-ல் ஓக்கே என்ற கம்பெனி அவரை மெம்ஃபிஸுக்கும் நியூயார்க்குக்கும் அழைத்துப் பதிவுசெய்தது. பிளேட்டுகள் அதிகம் விற்கவில்லை. அடுத்த ஆண்டு பொருளாதாரம் விழுந்தது. அவர் தம் ஊருக்கே போய்விட்டார். உலகம் மறந்தது.

பிளேட்டு சேர்க்கும் சிலர் மறக்கவில்லை. அவர் பாடிய ஒரு பாட்டில் சொந்த ஊரின் பெயர் வருகிறது: அவலான். அப்போதைய வரைபடங்களில் அந்த ஊர் இல்லை; பழைய வரைபடத்தில் கண்டுபிடித்து, 1963-ல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் தேடிப் போனார். ஜான் ஹர்ட் உயிரோடு இருந்தார், பண்ணை வேலை பார்த்துக்கொண்டு. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அவர் பாட்டுகள் பதிவாயின. நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் ஆயிரக்கணக்கானவர் முன் வாசித்தார். 1966-ல் இறந்தார். அந்தக் கடைசி மூன்று வருஷமும், அதில் பதிவான அத்தனை பாட்டும், யாரோ எடைக்குப் போடாமல் வைத்திருந்த ஒரு பிளேட்டினால் கிடைத்தவை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் பரண்கள்தான் கண்முன் வருகின்றன. நாயனாப் பிள்ளையின் குரல் போனாலும் பாடம் போகவில்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவரிடம் படித்தவர். வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். 1919-ல் இந்த ஊரில் பிறந்த டி.கே. பட்டம்மாள், சிறுமியாக அவர் கச்சேரிகளில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டார். பத்து வயதில் ரேடியோவில் பாடிய பட்டம்மாள் பின்னால் பல்லவி பாடியதில் எனக்கு நாயனாப் பிள்ளை கேட்கிறார். இவர்கள் பதிவுகளை ஒரே இடத்தில் வரிசையாக வைத்துக் கேட்டால், பதிவே இல்லாத ஒரு மனிதரின் வழி பிடிபடும். அந்த இடம் காஞ்சிபுரத்தில் இல்லை.

“எல்லாம் யூடியூபில் இருக்கிறதே” என்கிறார்கள். யாரோ ஏற்றியதுதான் அங்கே இருக்கிறது. பாதிக்கு ஆண்டு இல்லை, பக்கவாத்தியக்காரர் பெயர் இல்லை, சுற்றும் வேகமும் தப்பு. ஆரம்ப காலப் பிளேட்டுகள் எல்லாமே நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் சுற்றவேண்டியவை அல்ல. மெதுவாகச் சுற்றவேண்டியதை 78-ல் ஓட்டினால் ஸ்ருதி ஏறிக் குரல் கீச்சிடும். அந்தக் காலத்துப் பெண்கள் குரலைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

சென்னையில் மியூசிக் அகாடமியில் காதில் மாட்டிக் கேட்கும் காப்பகம் இருக்கிறது. ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பிளேட்டுகள் இருக்கின்றன. நல்ல வேலை. ஆனால் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை தன் ஊர்க்காரியின் பாட்டைக் கேட்க எழுபத்தைந்து கிலோமீட்டர் போகவேண்டுமா?

பட்டுப் புடவைக்குப் புவிசார் குறியீடு வாங்கினோம். கோர்வை போட்ட கரை எது, போலி எது என்று சண்டை போட்டுக் காப்பாற்றுகிறோம். அதே அக்கறையில் சிறு பங்கு பாட்டுக்கும் வேண்டும் என்று மாநகராட்சியையும் நூலகத் துறையையும் கேட்கிறேன். மாவட்ட மைய நூலகத்தில் ஓர் அறை, இரண்டு கணினி, நாலு ஹெட்போன், வேகத்தை மாற்றக்கூடிய ஒரு பிளேயர், பொறுப்பாக ஓர் ஆள். சட்டத் தடையும் பெரிதாக இல்லை: நம் நாட்டில் ஒலிப்பதிவின் காப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பின் அறுபது வருஷம். தனகோடி அம்மாளின் பிளேட்டும் சிறுமி பட்டம்மாளின் பிளேட்டும் அந்தக் காலத்தை எப்போதோ தாண்டிவிட்டன.

அறை வரும்வரை வீட்டில் பிளேட்டு வைத்திருப்பவர்களுக்கு: தயவுசெய்து ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அது அரக்கில் செய்தது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து, நடுக் காகிதம் நனையாமல் துடைத்தால் போதும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது வளையும், உடையும். புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். காகிதத்தில் உள்ள நம்பரையும் பெயரையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடைக்குப் போட நினைத்தால் முதலில் என்னைப் போன்ற ஒரு ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள். பார்த்துச் சொல்ல நாங்கள் காசு வாங்கமாட்டோம்.