கல்விச் சுற்றுலாவும் ஓய்வுநாளும்

ஏட்டிலே கற்பன போலக் கண்ணாலுங் காலாலுங் கற்பனவும் பல உள. இதனை உணர்ந்தே நம் நாட்டுக் கல்லூரிகள் சில தம் மாணாக்கரைக் கடல் கடந்து தமிழகத்துக்கு அழைத்துச் செல்கின்றன. தலைமன்னாரிலே கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கிய பயணத்தைப் பழைய மாணவருள் மூத்தோர் நினைவுகூர்வர். 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது; பின்னர் இராமேசுவரத்துக்குச் சென்ற கப்பலும் 1980களில் நின்றுபோயிற்று. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019இல் விமானமும், காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023இல் கப்பலும் தொடங்கின. இடையிடையே தடைப்பட்டனவாயினும், பழைய வழி மீண்டும் திறக்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரியது.

இச்சுற்றுலாக்களின் நிகழ்ச்சிநிரலில் ஒரு நாள் 'ஓய்வுநாள்' எனக் குறிக்கப்படுதல் வழக்கம். மற்றை நாட்களெல்லாம் ஆசிரியர் வகுத்தபடி நடைபெற, இவ்வொரு நாள் மட்டும் வெறுமையாய் விடப்படும். வேலியடையாத வளவினுள் எவரும் புகுதல் போல, இந்நாளினுள்ளும் இருவர் புகுந்துவிடுகின்றனர். ஒருவர், இன்னும் நான்கு தலங்களைக் காட்டிவிடவேண்டுமென்னும் ஆர்வமுடைய ஆசிரியர். மற்றவர், புடைவைக்கடை வணிகர். இவ்விருவரிடமிருந்தும் அந்நாளை மீட்டு, அதற்கு உரியவராகிய மாணவரிடம் ஒப்படைத்தல் வேண்டுமென்பதே எமது கருத்து.

ஆசிரியரின் ஆர்வத்தைக் குறைகூறுதற்கில்லை. இவ்வளவு பொருள் செலவிட்டு வந்தபின் காணாது போகலாமோ என்னும் எண்ணம் இயல்பானதே. ஆயினும் ஒரே நாளிற் பல தலங்களைக் காணப் புகின் நேர்வது யாது? கோயில்கள் பல நண்பகலில் நடைசாத்தப்படும். அதன்முன் முடிக்கவேண்டி மாணவர் ஓட்டமும் நடையுமாகச் செல்வர். தஞ்சைப் பெருங்கோயிலை எடுத்துக்கொள்வோம். 1010இல் நிறைவெய்திய அக்கோயிலின் விமானம் ஏறத்தாழ 216 அடி உயரமுடையது. அதனை அண்ணாந்து நோக்கிக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து மீள்வதற்கு அரைமணி நேரம் போதும். அக்கோயிற் கல்வெட்டுக்களோ, இறைவனுக்கு நிவந்தமாக விடப்பட்ட ஊர்களைக் கூறுவன. அவற்றுள் ஈழத்து ஊர்களும் உள. அறிந்தார் ஒருவர் துணையோடு நம் நாட்டு ஊர்ப்பெயரைத் தஞ்சைக் கல்லிலே தேடிக் காணும் மாணவன், சோழர் வரலாற்றைப் பின்னொருகால் மறப்பானோ? இதற்கு அரைநாளாயினும் வேண்டும்.

கடைத்தெருவின் செய்தி வேறு. அங்கே ஒரு வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகின்றது. ஒருவன் தாய்க்குந் தமக்கைக்கும் சேலை தெரிவான். இன்னொருவன் பெட்டி கொள்ளாத அளவுக்கு வாங்குவான். மூன்றாமவன் கடைவாயிலில் நின்று பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டிருப்பான். அவனுடைய தந்தை கடன்பட்டோ, தாய் தன் காப்பை அடகுவைத்தோ அவனை அனுப்பியிருத்தல் கூடும். பாடசாலையில் ஒரே சீருடையால் நாம் மறைத்து வைத்த வேற்றுமையை, அயல்நாட்டுத் தெருவிலே நாமே வெளிப்படுத்துதல் முறையாகுமா? ஏதேனும் வாங்கிச் செல்லுதல் தவறன்று, வீட்டிலுள்ளோர் எதிர்பார்ப்பர். அதற்கு ஒரு மணிநேரமும், எல்லார்க்கும் பொதுவாக வரையறுத்த ஒரு சிறு தொகையும் போதும். நாள் முழுவதையும் அதற்கு ஈதல் வேண்டா.

மாணவரிடம் ஒப்படைத்தல் என்றது அவிழ்த்துவிடுதல் அன்று. புறப்படுமுன்னரே வகுப்பைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தான் காண விரும்பும் ஓரிடத்தைத் தானே தேர்ந்து, தேர்ந்த காரணத்தையும் எழுதித் தரச் செய்யலாம். ஓய்வுநாள் சிதம்பரத்தில் அமைகின்றது என்று கொள்வோம். ஒரு குழு கோபுரவாயில்களிலே 108 கரணச் சிற்பங்களையும் பார்த்துக் குறிப்பெடுக்கலாம். மற்றொரு குழு, நாவலர் பெருமான் 1864இல் அங்கு நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தேடிச் செல்லலாம். வண்ணார்பண்ணையில் 1848இல் ஒரு பாடசாலை கண்டவர், கடல் கடந்து தில்லையிலும் ஒன்று காண நினைந்தது எதன் பொருட்டு என்னும் வினா, அங்கே நிற்கும்போது தானே எழும். மூன்றாங் குழு 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1931இல் அங்கு முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த விபுலாநந்த அடிகளை நினைக்கலாம். நான்காங் குழு சிவகங்கைத் தீர்த்தப் படியில் வாளா இருந்து வருவாரையும் போவாரையும் பார்க்க விரும்பின், அதுவும் ஆகுக. மாலையில் நால்வகையாரும் ஒருங்கிருந்து தாம் கண்டதைப் பிறர்க்குச் சொல்லுக. அப்பொழுது ஒரு நாளிலே நான்கு நாட்பயன் விளையும்.

பிள்ளைகள் வழிதவறின் யார் விடை கூறுவது என்று அதிபரும் பெற்றோரும் வினவுவர். அவ்வினா தகுதியுடையதே. ஆகையால் குழுவுக்கு ஓர் ஆசிரியர் உடன்செல்லல் இன்றியமையாதது. ஆனால் அவர் அன்று முன்னே செல்லாது பின்னே செல்லுக. வினவினாலன்றி விளக்கங் கூறாதிருக்குக. எம்போன்ற ஆசிரியர்க்கு இஃது எளிதன்று. எனினும் பழகிக்கொள்ளுதல் நன்று. தேர்ந்துசென்ற இடம் பூட்டிக்கிடந்தால், அடுத்துச் செய்வது யாதென்று பிள்ளைகளே கலந்து முடிவு செய்யட்டும். காலையிற் பாடசாலை, மாலையில் தனியார் வகுப்பு, இரவிற் பரீட்சைப் படிப்பு எனப் பிறர் வகுத்த நேரசூசியிலேயே வளரும் பிள்ளைக்கு, தன் நாளைத் தானே வகுத்தறியும் வாய்ப்பு ஆண்டிற்கு எத்தனை முறை கிடைக்கின்றது?

பழைய மாணவர்களாகிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சுற்றுலாவுக்குப் பொருளுதவுங்கால், பணமின்மையால் வீட்டில் நின்றுவிடும் பிள்ளைகள் எத்தனைபேர் என்று முதலிற் கேளுங்கள். அவர்களையுஞ் சேர்த்து அனுப்ப வழிசெய்யுங்கள். பின்னர், ஓய்வுநாளிலே பிள்ளைகள் எதைக் காணத் தேர்ந்திருக்கின்றார்கள் என்றுங் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை கூறக்கூடிய நிகழ்ச்சிநிரலே கல்விச் சுற்றுலா என்னும் பெயருக்குத் தகும்.