வெப்ப ஏற்றம்

காவிரி பாயும் மயிலாடுதுறைச் சமவெளியில் வீட்டைச் சூடாக்க நெருப்பு வளர்ப்பார் இலர். வேனிலில் வீட்டைக் குளிர்விக்கவே வழி தேடும் நாடு இது. ஆயினும் ஐப்பசி முதல் தை வரையில் மழையும் பனியும் மாறி மாறி வரும் நாட்களில், விடியுமுன் தெருவழியே செல்வோர் பல வீடுகளின் கொல்லைப்புறத்தினின்று புகை எழுவதைக் காணலாம். அது சோறாக்கும் புகை அன்று, வெந்நீர்ப் புகை.

நம்மவர் அடுப்பு மாறிவிட்டதென்று பேசிக்கொள்கிறோம். அதில் உண்மையும் உண்டு. 2006ஆம் ஆண்டில் அமைந்த தமிழ்நாட்டு அரசு ஏழை இல்லங்களுக்கு எரிவாயு அடுப்பை இலவசமாக வழங்கிற்று. 2016இல் நடுவண் அரசு உஜ்வலா என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. எங்கள் வீட்டிலும் சோறும் குழம்பும் எரிவாயுவிலேயே ஆகின்றன. ஆனால், குளிக்கும் நீருக்குப் போய் சிலிண்டரைச் செலவிடுவதாவது என்று பாட்டியார் ஒருமுறை சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. எனவே விறகடுப்பு அடுக்களையினின்று நீங்கியதேயன்றி வீட்டை விட்டு நீங்கவில்லை, கொல்லைக்குக் குடிபெயர்ந்தது.

அவ்வடுப்பில் எரிவன யாவை? காடில்லாத நாட்டில் தென்னை மட்டையும் பாளையும், வேலியோரத்துக் கருவையும், கடற்கரை மணற்பாங்கில் வளரும் சவுக்குமே விறகு. வெந்நீர் வேண்டும் மாதங்களோ வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள். ஆதலின் விறகு நனைந்தேயிருக்கும். நனைந்த மட்டை பற்றுமுன் நெடுநேரம் புகையும். அடுப்பின்முன் குந்தி ஊதுகுழலால் ஊதுபவர் அப்புகையைத் தம் மூச்சோடு உட்கொள்வர். எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுகள் அவ்வாறு ஊதியவர் பாட்டியார். சுருட்டைக் கையாலும் தொட்டறியாத அவருக்கு, நெடுநாள் சுருட்டுப் பிடித்தோருக்கு வரும் மூச்சிரைப்பு நோய் வந்திருக்கிறதென்று மருத்துவர் கூறியபோது நாங்கள் திகைத்தோம். மருத்துவர் திகைக்கவில்லை, அடுப்பூதுவதுண்டா என்று மட்டும் கேட்டார். வீட்டினுள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இப்பொழுது எங்கள் வீட்டில் ஊதுபவர் அன்னையார்.

சிறப்புத் தமிழ் வகுப்பில் இவ்வாண்டு குறுந்தொகை பயின்றோம். அதன் 167ஆம் பாட்டைப் பாடியவர் கூடலூர் கிழார். புதிதாக இல்லறம் ஏற்ற தலைவி, தாளிப்பின் புகை தன் மையுண்ட கண்களில் கமழ, கட்டித் தயிர் பிசைந்து புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அதன் நயத்தை ஒரு மணி நேரம் வியந்தோம். விடுமுறைக்கு வீடு சென்று, சிவந்த கண்களோடு அன்னையார் கொணர்ந்த வெந்நீர் வாளியைக் கை நீட்டி வாங்கியபோது, அவ்வியப்பில் பாதி என்னை விட்டகன்றது. பாட்டின்மேல் யாதொரு குறையுமில்லை. அதைப் பயின்ற பின்னும் வாளியை வாங்கிக்கொண்டு பேசாமற் சென்ற என்மேல்தான் குறை.

இதற்கு மாற்றாக யான் முன்வைக்க விரும்புவது ஹீட் பம்ப் என்னும் கருவி. அதைத் தமிழில் வெப்ப ஏற்றம் என்று வழங்கலாம் என்பது என் துணிபு. ஏற்றம் மிதிப்பவன் நீரைப் படைப்பதில்லை. தாழ்விடத்துள்ள நீரை மேட்டுக்கு ஏற்றுகிறான், அவ்வளவே. இக்கருவியும் வெப்பத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. மிகக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் ஒரு திரவம் வெளிக்காற்றின் வெப்பத்தைக் கவர்ந்து ஆவியாகிறது. மின்சாரத்தால் இயங்கும் அமுக்கி அவ்வாவியை நெருக்க, அதன் சூடு மிகுகிறது. அச்சூட்டை நீருக்குக் கொடுத்துவிட்டு அது மறுபடி திரவமாகிறது. குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டவர்கள் இவ்வெப்பத்தை அறிவர். கெல்வின் பிரபு 1852ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த கருத்து இது. நார்வே நாட்டில் இன்று பாதிக்கு மேற்பட்ட இல்லங்கள் இக்கருவியைக் கொண்டிருக்கின்றன. உறைபனிக் காற்றினின்றும் வெப்பத்தை இறைத்துக்கொள்கிறார்கள் அந்நாட்டார். கிணற்றில் நீர் மேலே நிற்குமாயின் இறைப்பு எளிதன்றோ? மார்கழியிலும் வெதுவெதுப்பாயிருக்கும் நம் காற்று அத்தகைய நிறைகிணறு.

கணக்கும் பார்த்தேன். ஐவர் உள்ள வீட்டிற்கு ஆளுக்கொரு வாளியாக 100 லிட்டர் நீர். அதனை 28 டிகிரியிலிருந்து 48 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். காய்ந்த விறகாயின், திறந்த அடுப்பில் பெரும்பகுதி வெப்பம் வீணாவதால், நான்கைந்து கிலோ செல்லும். சாதாரண மின்சார கீசருக்கு ஏறக்குறைய 2.3 யூனிட், இரண்டு மாதத்திற்கு 140 யூனிட் ஆகும். வெப்ப ஏற்றமோ ஒரு யூனிட் மின்சாரத்தைக்கொண்டு மூன்று யூனிட் வெப்பத்தை ஏற்றித் தரவல்லது. அதற்கு இரண்டு மாதத்தில் 50 யூனிட்டிற்கும் குறைவே வேண்டும். 2016ஆம் ஆண்டில் நம் மாநில அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட்டை இலவசமாக்கியதை நினைப்போர்க்கு இவ்வேறுபாட்டின் பொருள் விளங்கும். இன்னொன்று: இக்கருவி தன் மறுபுறத்தில் குளிர்ந்த காற்றை வெளிவிடும். வைகாசி வெயிலில் அதை அடுக்களைப் பக்கம் திருப்பி வைக்கலாமென்று சொன்னபோது, பாட்டியார் முதன்முறையாக என் பேச்சைச் செவிமடுத்தார்.

மின்சாரமும் புகையில்தானே பிறக்கிறது, நெய்வேலியில் நிலக்கரி எரிகிறதே என்பர். மெய்யே. ஆயினும் அதனில் மூன்றிலொரு பங்கே செலவாகிறது. அப்புகை போகும் உயர்ந்த புகைபோக்கி எங்கள் கொல்லையில் இல்லை. சூரிய வெந்நீர்க் கலம் மலிவன்றோ என்பாரும் உளர். வெயில் மறையும் மாதங்களில்தான் நமக்கு வெந்நீர் வேண்டும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின் நம் அண்டை ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லாதிருந்ததைக் கூறுவோருக்கு யான் விடை கூற இயலாது; அத்தகைய நாட்களுக்காக விறகடுப்பு ஒரு மூலையில் இருக்கட்டும்.

எல்லாவற்றினும் வலிய தடை விலை. இக்கருவி கீசரைப்போல் பன்மடங்கு விலையுடையது. மட்டை பொறுக்கி எரிக்கும் கூலிக்காரர் வீட்டிற்கு இதனைப் பரிந்துரைப்பது பரிகாசமாகவே முடியும். எங்கள் தந்தையாரும் விலையைக் கேட்டுச் சிரித்தார். ஆகவே யான் வேண்டுவது வேறு. நம் விடுதியின் பின்புறத்தில் மழைக்காலம் முழுதும் பெரிய அண்டா ஒன்று விறகில் கொதிக்கிறது. அதை ஊதுபவர் என் பாட்டியாரின் வயதினர். பலர் குளிக்கும் இடத்தில் கருவியின் விலை தலைக்கு மிகச் சிறிதாகும். நிர்வாகத்தாரும், இவ்விதழைக் காணும் பழைய மாணவர்களும் முதற்கருவியை அங்கே அமைப்பார்களாயின், வீடு செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் அதைச் சொல்லுவர். அண்டாவைப் பார்ப்பவருக்கு வேறு வேலை தருவதும் அத்தீர்மானத்திலேயே சேரவேண்டும். அவருடைய ஊதியத்தைப் பறித்து அவருடைய மூச்சைக் காப்பது முறையாகாது.

எங்கள் வீட்டுக் காரியம் அதுவரை காத்திருக்க இயலாது. கிறிஸ்து பிறப்பு நாளின் அதிகாலை ஆராதனைக்கு மூன்று மணிக்கே வெந்நீர் வேண்டும். சென்ற ஆண்டு அவ்வடுப்பை மூட்ட யானே எழுந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மூன்று தீக்குச்சிகள் வீணாயின. கண்கள் நீரைப் பெருக்கின. திண்ணையிலிருந்து பாட்டியார், இருமலுக்கிடையே, "மட்டையை எடுத்துவிட்டுப் பாளையை முதலில் வை, தம்பி" என்றார்.