பொருத்துவதா, பொருந்துவதா?

“ஏம்ல, எம்.எஸ்ஸி. படிக்கிற பயலுக்குக் கார்ப் பட்டறையில என்ன சோலி?”

என் மாமா கேட்ட கேள்வி இது. கேட்டவர் அவர் ஒருவர்தான். கேட்கக் காத்திருப்போரோ நம் காரியவட்டம் வளாகத்திலேயே பலர். ஆகவே, விடையைப் பலரறியச் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது மாமாவின் அம்பாசிடர் கார். உத்தரபாராத் தொழிற்சாலையில் அந்த வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றது. தொழிற்சாலை நின்றதே தவிர, மக்களின் ஆசை நிற்கவில்லை. மணமக்களை ஏற்றிச் செல்ல இன்றும் மாமாவின் வண்டியைத் தேடி வருகிறார்கள். அந்த வாடகையில்தான் என் படிப்புச் செலவில் ஒரு பங்கு நடக்கிறது. வண்டி நின்றால் எங்கள் வீட்டில் அடுப்பும் தயங்கும்.

அந்த வண்டியில் இருப்பது எஸ்.யு. கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் அளவறிந்து கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது கார்புரேட்டரின் தொழில். எஸ்.யு.வின் அமைப்பு எளிது, அழகானது. எஞ்சின் காற்றை இழுக்க இழுக்க உள்ளே ஒரு பிஸ்டன் மேலெழும். அதன் அடியில் ஓர் ஊசி. நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் அந்த ஊசி, ‘ஜெட்’ என்னும் துளைக்குள் இறங்கி நிற்கும். ஊசி உயர்ந்தால் துளையில் இடைவெளி பெருகும், பெட்ரோலும் பெருகும். எவ்வளவு மூச்சோ அவ்வளவு தீனி!

சென்ற ஆண்டு எங்கள் ஊசியும் ஜெட்டும் தேய்ந்து போயின. ஒரு பட்டறையில் எஸ்.யு.வையே கழற்றிப் போட்டுவிட்டு, இடையில் ஓர் இரும்புத் தகடு வைத்து, பழைய மாருதி 800-இன் கார்புரேட்டரை முடுக்கித் தந்தார்கள். நகரத்துக்குள் வண்டி நன்றாகவே ஓடியது. பொன்முடி மலையின் 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறும்போதுதான் உண்மை வெளிப்பட்டது. மிதித்தாலும் வேகமில்லை, ஆஸ்துமாக்காரர் படியேறுவதுபோல் இளைத்தது. குறை அந்தக் கார்புரேட்டருடையதன்று. அது 796 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்காகப் பிறந்தது. எங்களுடையதோ 1489. ஒவ்வொரு சுழற்சிக்கும் ஏறக்குறைய இருமடங்கு காற்றை விழுங்கும் எஞ்சினுக்குச் சிறு மூக்கைப் பொருத்தினால் மூச்சு முட்டாமல் என்ன செய்யும்? பொருத்தினார்கள்; பொருந்தவில்லை.

பிறகுதான் கரமனைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் நாகர்கோவில் அண்ணாச்சியிடம் போனோம். அவர் பழைய எஸ்.யு.வையே திரும்ப எடுத்தார். வேறொரு பழைய பிரிட்டிஷ் வண்டியிலிருந்து கிடைத்த ஊசியையும் ஜெட்டையும் அதில் இட்டுப் பார்த்தார். “அளவு ஒத்துப் போகுமா அண்ணாச்சி?” என்றேன். “தொளை ஒண்ணுதான் மக்கா. ஊசிதான் கொஞ்சம் மெலிவு. ஊசி மெலிஞ்சா பெட்ரோல் கூடும், அவ்வளவுதான்” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை ஆய்வுக்கூடத்துக்கு விரட்டியது. இரு ஊசிகளையும் மைக்ரோமீட்டரில் எட்டில் ஓர் அங்குலத்துக்கு ஒரு முறை அளந்தேன். எஸ்.யு. ஊசிகளின் வடிவைக் குறிப்பதே அந்த இடைவெளியில்தான். ஜெட்டின் விட்டம் 0.090 அங்குலம். துளையின் பரப்பிலிருந்து ஊசியின் பரப்பைக் கழித்தால் பெட்ரோல் வரும் வழியின் பரப்பு கிடைக்கும். வரைபடம் போட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி விரல் நுனியில் சொன்னதையே என் கோடும் சொன்னது!

இன்னொன்றும் கேளுங்கள். “இப்பத்து பெட்ரோலுக்கு நட்டை முன்னைவிடக் கொஞ்சம் எறக்கி வைக்கணும்” என்று சொல்லி, ஜெட்டைத் தாங்கும் அறுகோண நட்டைத் திருகினார். ஏன் என்று நான் கணக்கிட்டேன். 2025-இல் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. ஒரு கிலோ தூய பெட்ரோல் முற்றிலும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவைக்கு ஏறத்தாழ 13.5. அதாவது, அதே காற்றுக்கு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுதல் எரிபொருள் வேண்டும். புதிய கார்களில் புகையிலுள்ள ஆக்சிஜனை உணர்ந்து கணிப்பொறியே இதைத் திருத்திவிடும். பழைய வண்டிக்கு ஏது கணிப்பொறி? அண்ணாச்சியின் காதுதான் கணிப்பொறி. வெளுத்துப் போன ஸ்பார்க் பிளக்தான் அவருக்குச் சான்று. நட்டை இறக்கி ஓட்டிய பின் பிளக் பிஸ்கட் நிறத்துக்கு வந்தது. எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதறிந்து, அதைத் தாங்கும் ரப்பர்க் குழாயையும் மாற்றினார். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் ஒழுகினால் மணமக்கள் வண்டி தீவண்டியாகிவிடும் அல்லவா?

பழைய கார்ப் பிரியர்களில் ஒரு சாரார், “அசல் பாகம் அல்லாதது அனைத்தும் அபசாரம்” என்பார்கள். எஸ்.யு. பாகங்களை இன்றும் பிரிட்டனில் செய்து விற்கிறார்கள் என்பது மெய்தான். வாங்க வல்லவர் வாங்கட்டும். அடுத்த முகூர்த்தத்துக்கு வண்டி ஓடியாக வேண்டியவர் கப்பலை எதிர்பார்த்து உட்கார முடியுமா? மற்றொரு சாரார், “எதையாவது மாட்டு, ஓடினால் சரி” என்பார்கள். இவர்கள் அவர்களினும் ஆபத்தானவர்கள். பாகம் எந்த ஊரில் பிறந்தது என்பதன்று கேள்வி. ஏன் பொருந்துகிறது என்று சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி. சொல்ல முடிந்தால் அது விஞ்ஞானம். முடியாவிட்டால் வெறும் ஒட்டு வேலை.

தோழர்களே! அண்ணாச்சிக்கு வயது அறுபத்தெட்டு. அவரிடம் தொழில் கற்க இப்போது யாரும் வருவதில்லை. எந்த ஊசி எந்த எஞ்சினுக்கு ஒத்துப் போகும் என்று அனுபவத்தில் கண்டதை அவர் ஒரு காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. அவர் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவருக்குப் பிறகு? பட்டம் பெற்ற நாம் பட்டறை வாசலை மிதிப்பதே இழுக்கென்று எண்ணினால், அந்த அறிவு அவரோடு போய்விடும். அவருடைய கைக்கு நம் அளவுகோலும், நம் அளவுகோலுக்கு அவருடைய கையும் வேண்டியிருக்கின்றன. நான் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கிவிட்டேன். ஊசியின் குறி, அளவு, வண்டி, பலன் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வருகிறேன். உங்கள் தெருவிலும் ஒரு பட்டறை இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள்.

மாமாவுக்கு நான் சொன்ன விடையும் அதுதான்: “மாமா, படிக்கத்தான் போறேன்.”