துப்பாக்கி மனைவிக்கு, ஜெயில் கணவனுக்கா?

துப்பாக்கி மனைவியுடையது. ஆனால் ஜெயிலுக்குப் போவது கணவனாக இருக்கலாம்! அமெரிக்காவில் இப்படியும் ஒரு சிக்கல்.

ஓராண்டுக்கு மேல் ஜெயில் விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவர் அங்கே துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது. இது 1968-ம் ஆண்டு சட்டம். மீறினால் 10 ஆண்டு வரை ஜெயில் என்று இருந்ததை, 2022-ல் 15 ஆண்டாக உயர்த்தி விட்டார்கள்.

கையில் எடுத்தால்தான் குற்றமா? அதுதான் இல்லை. துப்பாக்கி இருப்பது தெரிந்து, எடுக்க வசதியும் எண்ணமும் இருந்தாலே, "வைத்திருந்தார்" என்று கோர்ட்டு முடிவு கட்டலாம்.

மனைவியின் உரிமை இதனால் பறிபோகாது. ஆனால் அலமாரியில் சும்மா போட்டு வைத்தால் வம்புதான். பெட்டியில் பூட்டி, சாவியை அவரே வைத்துக்கொள்வது நல்லது. கலிபோர்னியாவில் 2014 முதல், உடன் வைத்திராத நேரத்தில் பூட்டி வைப்பது கட்டாயம்.

வீடு இருவருக்கும் பொது. சாவி மட்டும் ஒருவருக்கே!