ஓடாத வண்டியை மிதிக்க ஓடும் ஊர்தியில்!

ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் மலைச்சாலையில் மிதிவண்டியோடு வருகின்றவன், ஏற்றம் கடுத்த இடத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். பல்லிணை மாற்றும் அமைப்பில்லாத எளிய வண்டி அது. இறங்கித் தள்ளுவான், மூச்சு வாங்கும், வியர்வை வழியும். அம்மலையினின்று கீழே இறங்கினால் வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூரும் சமநிலத்தில் கிடக்கின்றன. அங்கே, இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள உடற்பயிற்சிக் கூடத்திற்கு இளைஞன் ஒருவன் மகிழுந்தில் செல்கிறான். சென்று என்ன செய்கிறான்? தரையை விட்டு நகராத மிதிவண்டி ஒன்றின்மேல் ஏறி அரைமணி நேரம் மிதிக்கிறான்! மேடேறுவது போன்ற கடுமை வேண்டுமென்று அதன் திருகை முறுக்கி வைத்துக்கொண்டு மிதிக்கிறான். மலையில் விலையின்றிக் கிடைக்கும் மூச்சிரைப்புக்கு இங்கே திங்கள்தோறும் கட்டணம்! பின்னர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வந்த ஊர்தியிலேயே வீடு திரும்புகிறான்.

இதனைக் கண்டு நகைப்போர் உளர். சோம்பல் என்று கூறி அமைவோரும் உளர். நகைத்தற்கு உரியதே, ஆனால் சோம்பல் அன்று. விடியுமுன் எழுந்து இரும்பைத் தூக்கப் போகின்றவனைச் சோம்பேறி என்பது எங்ஙனம் பொருந்தும்? நோயின் வேர் வேறிடத்தில் உள்ளது. கையும் காலும் கொண்டு செய்யும் வேலை இழிந்தது, அதனைச் செய்வோரும் இழிந்தோர் என்று இக் குமுகாயத்திற்கு நெடுங்காலம் ஊட்டப்பட்ட வருண நஞ்சே அது. பயன் விளைக்கும் உழைப்பு கீழோர்க்கு. பயன் விளைக்காத அசைவு மேலோர்க்கு! மூட்டை சுமப்பவன் கூலிக்காரன். அதே எடையுள்ள இரும்பைச் சுமப்பவன் கட்டழகன். வேலைக்கு மிதிவண்டியில் வருபவன் ஏழை. அதனையே கண்ணாடிக் கூடத்துக்குள் மிதிப்பவன் செல்வன். வியர்வை ஒன்றுதான், அது யாருடைய வியர்வை, எங்கே சிந்தியது என்பதில்தான் மதிப்பும் இழிவும் பிரிகின்றன.

சொல்லையே எடுத்துக் காணலாம். 'சைக்கிள்' என்பது வட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஈழத்தில் வழங்கிய 'துவிச்சக்கர வண்டி' வடசொற் புணர்ப்பு. உருளிகள் இரண்டு என்று எண்ணிக் காட்டுவதோடு அதன் வேலை தீர்ந்தது. 'மிதிவண்டி' என்னும் தமிழ்ச்சொல்லோ உருளியை எண்ணவில்லை. காலின் வினையைச் சொல்கிறது. பெயரிட்டவர் வண்டியின் வரலாற்றை ஆய்ந்து இட்டாரோ இல்லையோ, வரலாறு அச்சொல்லுக்கே சான்று பகர்கின்றது. 1817-இல் செருமானியர் காரல் திரைசு ஓட்டிக் காட்டிய வண்டிக்கு மிதியே கிடையாது; அமர்ந்தபடி காலால் தரையை உந்தித் தள்ள வேண்டும். 1860-களில் பிரான்சில் மிதி பொருத்தப்பட்ட பின்னரே அது பலரும் நாடும் ஊர்தி ஆயிற்று. 1885-இல் இங்கிலாந்தின் கோவென்றி நகரில் இசுடார்லி சங்கிலிவழிப் பின்னுருளியை இயக்கும் வண்டியைக் கொணர்ந்தார்; 1888-இல் தன்லப் காற்றடைத்த உருளிப்பட்டையைத் தந்தார். இன்று தெருவில் ஓடும் வண்டி பெரும்பாலும் அன்றைய வடிவமே. தமிழ்ச்சொல் அதன் உயிர்நிலையைச் சரியாகப் பற்றியிருக்கிறது. ஆயினும், மேடையில் 'மிதிவண்டி' என்று திருத்தமாக ஒலித்துவிட்டு, மிதிக்க நாணி மகிழுந்தில் ஏறும் தமிழன்பர்களும் உளர். சொல்லைத் தமிழாக்கியது பாதி வேலையே.

இனி, அக்கூடங்களில் நடுநாயகமாக வைக்கப்பட்டிருக்கும் ஓடுபட்டைக்கு வருவோம். 'திரெட்மில்' என்று அதற்கு ஆங்கிலத்தில் பெயர். அப்பெயர் சிறையிலிருந்து வந்தது. 1818-இல் வில்லியம் கியூபிட்டு என்னும் ஆங்கிலப் பொறியாளர், சிறையாளர்களை வேலைவாங்க ஒரு பேருருளையை அமைத்தார். அவர்கள் வரிசையாக நின்று, முடிவில்லாப் படிக்கட்டில் ஏறுவதுபோல் மணிக்கணக்கில் அதனை மிதிக்க வேண்டும். சில சிறைகளில் அது தவசம் அரைத்தது, சிலவற்றில் நீரிறைத்தது, மற்றவற்றில் வெறுங்காற்றை அரைத்தது. எழுத்தாளர் ஆசுகர் வைல்டு 1895-இல் சிறைப்பட்டபோது அதனை மிதித்தவர். 1898-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தோடு அக்கொடுமை முடிவுக்கு வந்தது. தமிழர்க்கு இதற்கெல்லாம் அயலகச் சான்று எதற்கு? கோவைச் சிறையில் வ.உ. சிதம்பரனார் இழுத்த செக்கு சென்னைக் கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஓரிடத்திலேயே சுற்றிச் சுற்றி உடல் தேயச் செய்வது வெள்ளையன் தேர்ந்தெடுத்த ஒறுப்பு. அச்செக்கிலாவது எண்ணெய் வடிந்தது!

மிதிவண்டியின் மெய்யான ஆற்றலைக் காண விரும்புவோர் புதுக்கோட்டையைக் காண வேண்டும். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்பொழுது மாவட்ட ஆட்சியராக இருந்த சீலாராணி சுங்கத்து, எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். கல்லுடைக்கும் பெண்கள், கூலிவேலைப் பெண்கள், ஊர்ப்புறச் செவிலியர், பாலர் பள்ளிப் பணியாளர் எனப் பல்லாயிரவர் கற்றனர். 1992 மார்ச்சு 8 மகளிர் நாளன்று ஆயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய வண்டிகளில் மணியொலித்தபடி புதுக்கோட்டைத் தெருக்களில் அணிவகுத்தனர். பெண்களுக்கான வண்டிகள் கடைகளில் தீர்ந்துபோகவே, ஆண்கள் ஓட்டும் வண்டிகளையே வாங்கி ஓட்டினர். குறுக்குக் கம்பியில் பிள்ளையை அமர்த்த இடம் கிடைக்கிறது என்று அதனையே விரும்பியோரும் உண்டு. பழிப்புரைகள் எழாமல் இல்லை. அவற்றைச் செவியில் ஏற்க அவர்கட்கு நேரமில்லை. நீர்க்குடமும் விளைபொருளும் பிள்ளைகளும் வண்டியில் இருந்தன. பேருந்துக்காகவும், அழைத்துச் செல்லும் ஆணுக்காகவும் காத்திருந்த நிலை மாறியது. உடலும் உரம் பெற்றிருக்கும். அதற்கெனத் தனிக் கட்டணம் யாரும் செலுத்தவில்லை.

மீண்டும் காவலூர். உலகம் அவ்வூரை அறிவது அங்குள்ள வானாய்வு நிலையத்தால். 1968-இல் சிறு தொலைநோக்கியோடு தொடங்கிய அந்நிலையத்தில் 2.34 மீட்டர் விட்டமுடைய பெருந்தொலைநோக்கி 1986-இல் இயங்கத் தொடங்கியது. விண்மீனைப் பின்தொடர்ந்து அப்பொறி இரவெல்லாம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். இருந்த இடத்திலேயே சுழலும் பொறிகளில் அதற்கொரு பொருளுண்டு! ஆனால் அம்மலையின் பழம்பெருமை காலால் நடந்தோரது. மலையடியில் உள்ள செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், கூத்தர்க்கு மலைவழி காட்டும் நடைநூலன்றோ? இன்றும் சவ்வாது மலையில் வாழும் 'மலையாளி' மக்கள் — கேரளத்தாரல்லர், தமிழ் பேசும் மலைக்குடியினர் — சாமை விளைத்தும் தேனெடுத்தும் வாழ்பவர். அவர்தம் உடல் வலிமைக்கு இந்நாடு வைத்த விலை என்ன? 2015 ஏப்பிரல் 7 அன்று ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தோர் என்று சுட்டுக் கொல்லப்பட்ட இருபது தமிழருள் இம்மலையினரும் இருந்தனர். வலிய தோள்கள் கூலிக்காக மரம் சுமக்கப் போய் மாய்கின்றன. கீழே நகரத்தில் தோள் வளர்க்கக் காசு கொட்டப்படுகிறது.

மிதிவண்டியில் செல்லத் தடைகள் இல்லையா எனின், உள. வெயில் என்பர், கூடத்திற்குச் செல்வோர் விடியலிலும் மாலையிலுமே செல்கின்றனர். முழங்கால் வலி என்பர். உடற்சுமையை இருக்கையே தாங்குவதால் ஓட்டத்தைவிட மிதிவண்டி மூட்டுக்கு இதமானது. உண்மையான தடை சாலை. சரக்குந்துக்கும் மகிழுந்துக்கும் அகலப்படுத்திய சாலையில் மிதிவண்டிக்கு ஒரு முழ அகலமும் ஒதுக்கப்படவில்லை. அஞ்சி வீட்டிலேயே வண்டியைச் சாத்தி வைப்பவனைக் குறைகூற இயலாது. அக்குறை அரசினுடையது. இந்திய ஒன்றியம் தனக்கு வேண்டிய கல்லெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அயல்நாடுகளிலிருந்து வாங்குகிறது. அவ்வெண்ணெயை எரித்து இரண்டு கிலோமீட்டர் சென்று, கொழுப்பை எரிக்கும் கூத்துக்குச் சாலையில் இடமுண்டு, தன் காலால் செல்வோனுக்கு இல்லை!

அரசு செய்த நன்மையை மறைக்க வேண்டுவதில்லை. 2001-02-இல் ஒடுக்கப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவியர்க்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06-இல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் மேனிலை வகுப்பு மாணவர் அனைவர்க்கும் விரிந்தது. எத்தனையோ ஊர்ப்புறப் பெண்களைப் பள்ளியில் நிலைக்கச் செய்தது அது. அடுத்த படியையும் அரசு எடுத்து வைக்கலாம். சவ்வாது மலை, கல்வராயன் மலை, ஏலகிரி போன்ற இடங்களில் பயிலும் பிள்ளைகட்குப் பல்லிணை மாற்றும் வண்டிகளை வழங்கினால், காவலூர்ப் பிள்ளை ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிராது. நகராட்சிகள், உடற்பயிற்சிக் கூடங்களுக்கு உரிமம் தரும்போது வாயிலில் மிதிவண்டி நிறுத்த நிழலுள்ள இடம் வேண்டும் என்று விதிக்கலாம். பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்னும் விதியையும் அவ்வமயமே நினைவூட்டலாம். இளைஞர்க்கோ ஆணை எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டுப் பின்கட்டில் துருவேறிக் கிடக்கும் பள்ளிக்கால வண்டிக்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டால், நாளைக் காலையே அது சாலைக்கு வந்துவிடும்.