வீட்டு விஞ்ஞானம்: வெந்நீர் வாளியும் மின்சாரக் கணக்கும்

மார்கழி பிறந்துவிட்டால் டில்லி, லக்னோ, சண்டிகர் முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் வெந்நீரின்றிக் காரியம் நடவாது. வாடகை வீடுகள் பலவற்றில் கீஸர் இராது. வாளியில் இம்மர்ஷன் ராடை இறக்கி நீரைச் சூடாக்கிக் கொள்வதே வழக்கம். ராடின் பிளக் பெரிதாகவும் சுவரிலுள்ள சாக்கெட் சிறிதாகவும் இருந்தால், கடையில் ஒரு மாற்றுப் பிளக் வாங்கிச் செருகிவிடுகிறோம். பொருந்திவிட்டது, ஆகவே பொறுத்துக்கொள்ளும் என்று நம்புகிறோம். பொருந்துவது வேறு, பொறுப்பது வேறு. இதனை அறியப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

மின்சாரத்தைக் கம்பியில் உந்தும் விசையை மின்னழுத்தம் என்கிறோம்; அதன் அளவு வோல்ட். ஓடும் மின்சாரத்தின் அளவு ஆம்பியர். அவ்வோட்டத்தை எதிர்க்கும் தன்மை மின்தடை. அதன் அளவு ஓம். மாடித் தொட்டியின் உயரம், குழாயில் வரும் நீர், குழாயின் குறுகல் ஆகியவற்றை இம்மூன்றுக்கும் உவமையாகக் கொள்ளலாம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும் என்னும் விதியை ஜெர்மானியப் பள்ளி ஆசிரியரான கியார்க் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்டார். அவர் நாட்டில் முதலில் அதனை மதித்தவர் சிலரே. 1841-ல் லண்டன் ராயல் சொஸைடி காப்ளி பதக்கம் அளித்த பின்னரே அவர் புகழ் பரவிற்று.

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது மின்திறன். அதன் அளவு வாட். நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். ராடின் மேல் 1500 வாட் என்று பொறித்திருந்தால், 1500-ஐ 230-ஆல் வகுக்க 6.5 ஆம்பியர் வருகிறது. சிறிய சாக்கெட்டின் வரம்போ 6 ஆம்பியர். அதாவது 1380 வாட். ராடு ஒன்றே அவ்வரம்பைக் கடந்துவிடுகிறது. அதே எக்ஸ்டென்ஷன் போர்டில் 750 வாட் இஸ்திரிப் பெட்டியையும் மாட்டினால் ஓட்டம் ஏறக்குறைய 9.8 ஆம்பியர். 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்கேற்ற தடித்த கம்பியும் உள்ள இடமே இத்தகைய கருவிகளுக்கு உரியது.

இனி மின்தடையைப் பார்ப்போம். 230-ஐ 6.5-ஆல் வகுத்தால் ராடின் மின்தடை சுமார் 35 ஓம். இது ராடினுள் இருக்கும்வரை நமக்கு நன்மை, நீர் சூடாகிறது. ஆனால் பிளக்கின் முனை தளர்ந்தோ கரி படிந்தோ இருந்தால், அவ்விடத்திலும் ஒரு சிறு தடை தோன்றும். அது அரை ஓம் என்று கொள்வோம். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதனை ஓமால் பெருக்கினாலும் வாட் கிடைக்கும். 6.5-ஐ 6.5-ஆல் பெருக்க 42. அதில் பாதி 21 வாட். ரேடியோ பழுது பார்ப்போர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சிறு கருவி 25 வாட் அளவினதே! அத்தகைய சூடு பிளாஸ்டிக் பிளக்கினுள் இருபது நிமிஷம் அடைபட்டிருந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் இன்னோர் அபாயமும் உண்டு. தளர்ந்த முனையால் ஓட்டம் கூடுவதில்லை. சிறிது குறையவே செய்கிறது. ஆதலால் ப்யூஸோ எம்.சி.பி.யோ இக்குறையை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்காது. நம் கண்ணும் மூக்குமே காவல். பிளக் கை பொறுக்காத சூடாயினும், நிறம் மாறினும், தீய்ந்த வாசனை வீசினும் உடனே நிறுத்தி, அதனை மாற்றிவிட வேண்டும். ப்யூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றிவைப்பதோ காவற்காரனை உறங்க வைப்பதாகும்.

செலவையும் கணக்கிடுவோம். 1000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட். 15 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 45 டிகிரி சென்டிகிரேடுக்கு உயர்த்த அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம் ஆகும். 1500 வாட் ராடுக்கு 21 நிமிஷம். மின்னழுத்தம் 180 வோல்ட்டாகத் தாழ்ந்தால் ஓட்டம் 5.1 ஆம்பியராகவும், திறன் சுமார் 920 வாட்டாகவும் குறையும். நேரம் 34 நிமிஷமாக நீளும். யூனிட்டில் மிச்சமில்லை.

ஒரு குறிப்பு: இக்கணக்கு ராடு, இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் போன்ற சூடேற்றும் கருவிகளுக்கு நன்கு பொருந்தும். கிரைண்டர், குளிர்பெட்டி முதலிய மோட்டார் உள்ளவை அதே வாட்டுக்குச் சற்று அதிக ஆம்பியர் இழுக்கும். தொடங்கும் கணத்தில் பன்மடங்கு இழுக்கும்.

இன்று மாலையே வீட்டிலுள்ள கருவிகளின் மேல் பொறித்துள்ள வாட் எண்களைக் குறித்து, ஒவ்வொன்றையும் 230-ஆல் வகுத்துப் பாருங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் இக்கணக்கை ஒப்படைத்தால் மகிழ்ந்து செய்வார்கள். 6-க்கு மேல் வருவது எதுவாயினும் சிறிய சாக்கெட்டில் வேண்டாம். சரியான சாக்கெட் இல்லையெனில் வீட்டுக்காரரிடம் கேட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் இணைப்புடன் அமைத்துக் கொள்ளுங்கள். அல்லது 1000 வாட் ராடு வாங்குங்கள், அதற்கு 4.3 ஆம்பியரே. எந்த ராடாயினும், பிளக்கைப் பிடுங்கிய பின்னரே வாளி நீரில் கை வைக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.